மழைச் சத்தம் கேட்டால் பாயைச் சுருட்டுகிறவள்

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் மழை பெய்தால் யாரும் அதை ஒரு விஷயமாகச் சொல்வதில்லை. பெய்யாவிட்டால்தான் கடைக்காரர் முதல் பஸ் டிரைவர் வரை நம்மிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார்கள். நூலகத்து மாடி அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தோம். எங்களுக்கு நிம்மதியாகத் தூங்கக் கற்றுக்கொடுக்க வந்திருந்த ஓர்லா என்ற பெண்மணி, மழைச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று எழுந்து போய் ஜன்னலை இறுகச் சாத்தினார். பிறகு திரும்பி வந்து, சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரில் மழைச் சத்தம் போட்டார்.

இலவசமாகக் கிடைப்பதைச் சாத்திவிட்டு அதையே கருவியில் போட்டுக் கேட்கும் இந்த அதிசயத்தை நான் யோசித்து முடிப்பதற்குள் ஸ்பீக்கர் மழை வலுத்துவிட்டது. அடுத்து எனக்கு நினைவு தெரிந்தபோது அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என் கக்கத்தில் மூன்று பாய்கள் சுருட்டியபடி இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று பக்கத்தில் காலியாகக் கிடந்தது. மூன்றாவதை, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு அடியிலிருந்து உருவியிருக்கிறேன். இதுவும் பயிற்சியில் ஒரு பகுதிதான் போலிருக்கிறது என்று நினைத்து, மனிதர் வெறும் தரையில் கண்ணை மூடிக்கொண்டு புன்னகை செய்துகொண்டிருந்தார்.

சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஆனைக்குட்டத்துக்குப் பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தெருவெல்லாம் காகிதக் குழாய் காயும். பட்டாசுக்குள் மருந்து போகும் முன்னால் அது வெறும் காகிதக் குழாய். வீடு வீடாக உருட்டி, பசை காய வெயிலில் பாய் விரித்துப் பரப்பி வைப்பார்கள். காய்ந்தால்தான் கம்பெனி எடுக்கும். வானம் கொஞ்சம் மூடினாலே ஊரே அண்ணாந்து பார்க்கும். முதல் தூறல் விழுந்தால், பாயோடு சுருட்டி உள்ளே கொண்டுபோகச் சோற்றுக் கையோடு ஓடுகிறவர்கள் உண்டு, பாதித் தலை பின்னியபடி ஓடுகிறவர்கள் உண்டு. ‘எடு எடு’ என்று தெரு முழுக்க ஒரே கூச்சல். மழைக்காக ஏங்கும் வறண்ட சீமையில் பிறந்து, சீசன் நேரத்தில் மட்டும் மழையைக் கரித்துக்கொட்டி வளர்ந்தவள் நான். உலகத்தார் எல்லாரும் மழைச் சத்தம் கேட்டால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்களாம். எனக்கு அந்தச் சத்தம் ஒரு வேலை உத்தரவு.

இதை நான் ஓர்லாவிடம் என் ஆங்கிலத்தில் விளக்கினேன். “எங்கள் ஊரில் மழை வந்தால் எல்லாரும் வெளியே ஓடுவோம்” என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து, “எவ்வளவு அழகான வழக்கம்!” என்றார். மழையில் நனைந்து ஆடும் ஒரு கிராமத்தை அவர் கண்ணில் பார்த்தேன். திருத்த மனம் வரவில்லை.

சரி, நான் ஏன் அங்கே போனேன்? தூக்கம் வராததால்தான். நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வந்ததிலிருந்து எனக்கு இரவில் பொட்டுத் தூக்கம் கிடையாது. என் வீட்டுக்காரர் தலையணையில் தலை படும் முன்பே தூங்கிவிடுகிற பிறவி. தலைக்கும் தலையணைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியிலேயே குறட்டை ஆரம்பித்துவிடும். நான் பக்கத்தில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பேன். பால் குடித்துப் பார்த்தேன். வெந்நீரில் காலை வைத்துப் பார்த்தேன். செல்போனில் ஒரு செயலி இறக்கி, ஒரு வெள்ளைக்காரப் பெண் கிசுகிசுத்த குரலில் என் கால் விரல் முதல் உச்சந்தலை வரை தளர்த்தச் சொல்வதை மாதக்கணக்கில் கேட்டேன். வீட்டுக்காரர்தான் தளர்ந்தார். ஏற்கெனவே தூங்குகிற மனிதரை அது இன்னும் ஆழமாகத் தூங்க வைத்தது.

இப்படிக் காலையில் கண்ணெரிச்சலோடு வேலைக்குப் போன ஒரு நாள், இரண்டு தாத்தாக்களின் பல்செட்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மத்தியானச் சாப்பாடு வரை யாருக்கும் தெரியவில்லை. ஒரு தாத்தா இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஆட்டுக்கறி மெல்ல முடிகிறது என்று சந்தோஷப்பட்டார். இன்னொருவர் தன் வாய் யாருடையதோ போல இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அவர் கொஞ்சம் மறதிக்காரர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு விஷயம் வெளியே வந்து, மேனேஜர் நோரா என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

நோரா நல்ல மனுஷி. அவரால் ஒருவரைத் திட்ட முடியாது. அதனால் டீ போட்டுக் கொடுத்து, பிஸ்கட்டை நம் பக்கம் தள்ளித் தள்ளியே சேதியைச் சொல்வார். மூன்றாவது பிஸ்கட்டில் எனக்குப் புரிந்துவிட்டது. வருஷ முடிவில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால்தான் இந்த நாட்டில் இருக்க முடியும். இப்படித் தூங்கி வழிகிறவளைப் புதுப்பிக்கச் சொல்லி அவரால் மேலே எழுத முடியாது. இன்று பல்செட், நாளை மாத்திரையாக இருந்தால்? நூலகத்தில் சனிக்கிழமை மத்தியானம் ரிலாக்சேஷன் வகுப்பு நடக்கிறது, அதில் சேர்ந்து தூங்கக் கற்றுக்கொள், தீபாவளி மாதம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். தீபாவளி என்ற சொல்லை எனக்காகக் கற்று வைத்திருந்தார். தூங்கினால் வேலை, தூங்காவிட்டால் ஊர். வேலை பார்க்காமல் தூங்கினால் விரட்டுவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன், இது தலைகீழ்.

முதல் வகுப்பில் நடந்ததுதான் நீங்கள் மேலே படித்தது. அடுத்த வாரம் ஓர்லா மழையை விட்டுவிட்டு மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டார். அறையின் விளிம்பெல்லாம் வாசனை மெழுகுவர்த்தி. கீழே கம்பளம், பக்கத்தில் திரைச்சீலை, யாரும் உள்ளே வந்து தொந்தரவு செய்யாமல் இருக்கக் கதவில் தாழ்ப்பாள். “சுடரின் மீது பார்வையை வைத்து, மனம் அமைதியடைவதைக் கவனியுங்கள்” என்றார்.

நான் கவனித்தேன். சுடருக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் திறக்கும், தபால்காரர் எழுந்து ஓடக்கூடியவரா, ஓட முடியாவிட்டால் யார் தூக்குவது என்று ஒவ்வொன்றாகக் கவனித்தேன். என் மனம் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் திறந்து வைத்து, என் பாயை வாசலுக்கு நேராக, தலை உள்ளே கால் வெளியே இருக்கும்படி போட்டுப் படுத்தேன். பிளஸ் டூ முடித்து இரண்டு சீசன் நான் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே சின்னச் சின்ன அறைகள். அறைக்கு நாலு பேர். எதிரும் புதிருமாக வாசல்கள். வாசலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்து பழகிய உடம்பு, முதுகை வாசலுக்குக் காட்டினால் கல்யாண வீட்டிலும் சாப்பிடாது.

மூன்றாவது வாரம் ஆளுக்கொரு போர்வை கொடுத்தார்கள். ஆட்டுக்குட்டி போல மெத்தென்று இருக்கும் பாலியஸ்டர் போர்வை. ஹீட்டர் ஓடுகிற அறை, கம்பளத் தரை. நான் போர்வையை விரித்துச் சட்டென்று இழுத்தேன். படபடவென்று பொரிந்து, நுனியில் நீலமாக ஒரு பொறி. நான் போட்ட அலறலில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் மேலே ஓடி வந்தார்கள். கம்பெனிக்கு நைலான் சேலை கட்டி வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். பருத்திதான் உடுத்த வேண்டும். உள்ளே நுழையும் முன் சுவரில் பதித்த தாமிரத் தகட்டில் கை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குப் போய்விடும். இங்கே தகடு ஏது? ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் இரும்புக் குழாய்தான் கண்ணில் பட்டது. அன்று முதல் உள்ளே நுழையும்போதெல்லாம் அந்தக் குழாயில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்துவிட்டுத்தான் பாய்க்குப் போனேன்.

ஓர்லா இதை ஆழ்ந்து கவனித்திருக்கிறார். “இது உங்கள் நாட்டு வழக்கமா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“ஆமாம். உள்ளே போகும் முன் எல்லாரும் செய்வோம்.”

“இதனால் என்ன ஆகும்?”

“உடம்பில் இருக்கிற வேண்டாதது எல்லாம் பூமிக்குப் போய்விடும்” என்றேன். வேறு எப்படிச் சொல்வது? அதுதானே உண்மை. அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன், தபால்காரர் தலைமையில் வகுப்பு மொத்தமும் வரிசையாக நின்று, கண்ணை மூடி, பக்தியோடு ஹீட்டர் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. குழாய் நல்ல சூடு. கையை உதறியபடி ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார்கள். இந்தியாவின் பழம்பெரும் ஞானத்தை நான் அயர்லாந்துக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று நூலகத்து அறிவிப்புப் பலகையில் வராததுதான் பாக்கி.

இத்தனைக்கும் ஊருக்குப் போனால் எனக்குத் தூக்கத்துக்குக் குறைவில்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, விளக்கை அணைத்தது தெரியும், விடிந்தது தெரியும், நடுவில் எதுவும் தெரியாது. ஊர்க் காற்று என்றார்கள், ஊர்த் தண்ணி என்றார்கள். பக்கத்து வீட்டில் மிக்சி, கோயிலில் ஒலிபெருக்கி, தலைமாட்டில் கொசு, அத்தனையும் சேர்ந்தும் என்னை எழுப்ப முடியவில்லை. அப்போதுதான் என் மதினிக்கும் செல்போன் செயலியில் கேட்ட அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுக்கலாம் என்று எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி, பேச்சியம்மாள். நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து இன்றுவரை பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். கையெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளி பூத்திருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மின்னும். நான் வெளிநாடு வந்த நாளிலிருந்து, வீடு திரும்பியதும் செல்போனில் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவாள். பெரிய பேச்சு ஒன்றும் இருக்காது. “வந்துட்டேன் தாயி.” அவ்வளவுதான். மரியாதைக்கு அனுப்புகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொங்கல் சாயங்காலம் மொட்டை மாடியில் பாய் விரித்து மதினியைப் படுக்க வைத்தேன்.

“கண்ணை மூடுங்க மதினி. கால் விரலைத் தளர விடுங்க.”

“அது எப்பயும் தளந்துதான கெடக்கு.”

“பேசக் கூடாது. நான் சொல்றத நெனச்சுக்கிட்டு மட்டும் இருங்க. நீங்க ஒரு கடற்கரையில படுத்திருக்கீக.”

“எந்தக் கடற்கரை?”

“ஏதோ ஒண்ணு. திருச்செந்தூர்னே வச்சுக்கங்க. அலை மெதுவா வருது...”

மதினி விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “திருச்செந்தூரா? அங்கனதான ஒங்க அண்ணன் என் புதுச் செருப்பைப் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டுப் பராக்குப் பாத்துக்கிட்டு நின்னாரு? வெறுங்காலோட சாத்தூர் வரைக்கும் பஸ்ஸுல வந்தேன். ஏங்க! இங்கன வாங்க! அந்தச் செருப்பு என்னாச்சுன்னு கேளு உங்க அண்ணன்கிட்ட!” கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், பல வருஷத்துக்கு முந்திய குற்றத்துக்கு அன்று புதிதாகப் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சியால் ஒரு வீடு முழுக்க ரத்த அழுத்தம் ஏறியது என்றால் அது எங்கள் வீடாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கும் நான் நன்றாகத் தூங்கினேன்.

திரும்ப அயர்லாந்துக்கே வருகிறேன். கடைசி வகுப்புக்கு முந்தைய வாரம் ஓர்லா ஒரு குண்டைப் போட்டார். கடைசி நாளில் எங்களில் சிலர் தாமே மற்றவர்களைப் பத்து நிமிடம் வழிநடத்த வேண்டுமாம். தபால்காரர் மீன் பிடிக்கும் ஏரிக்கு எங்களை அழைத்துப் போவதாகச் சொன்னார். அடுத்த பெயர் என்னுடையது. போதாக்குறைக்கு, என் முன்னேற்றத்தைப் பார்க்க மேனேஜர் நோராவும் வருகிறார் என்றார் ஓர்லா. என்ன முன்னேற்றம்? நான் முன்னைவிட மோசமாக இருந்தேன். ஊரில் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. ஆர்டர் நெருக்கடியில் மதினிக்கு மூச்சு விட நேரமில்லை. இங்கே நான் விடிய விடிய விட்டத்தைப் பார்த்தேன். இந்தப் பத்து நிமிடத்தில் சொதப்பினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

சனிக்கிழமை மத்தியானம். தபால்காரரின் ஏரியில் மீன் சிக்கிவிட்டதால் அவரே உற்சாகத்தில் கத்தி எல்லாரையும் எழுப்பிவிட்டார். அடுத்து நான். எழுந்து வாசலருகே போய் நின்றேன். கடற்கரை, மேகம், மலர்த் தோட்டம் எதுவும் வாயில் வரவில்லை. நோரா முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு விஷயம்தான். கம்பெனியில் தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிறுத்தி வைத்து எச்சரிக்கை சொல்வார்கள். போர்மேன் சொல்ல வேண்டியது. அவருக்கு எப்போதும் தொண்டை கட்டியிருக்கும் என்பதால் அந்த வேலை எங்கள் மதினிக்கு வந்து சேர்ந்திருந்தது. ஏற்ற இறக்கமே இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் நிற்கும் எங்களைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்வாள்:

“செருப்பைக் கழட்டுங்க. செல்போனைக் குடுங்க. மடியில இருக்கறதெல்லாம் வெளிய வைங்க. தகட்டுல கை வைங்க. மெல்ல உள்ள போங்க. வாசலைப் பாத்து உக்காருங்க. எதையும் உரசாதீக. எதையும் இழுக்காதீக. எதையும் கீழ போடாதீக. முடிஞ்ச சரக்கைப் பக்கத்துல சேத்து வைக்காதீக, அப்பப்ப வெளிய அனுப்பிருங்க. யாருக்கும் ஒரு அவசரமும் இல்ல.”

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். செருப்பைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார்கள். எல்லார் செல்போன்களையும் வாங்கி, என்னுடையதையும் சேர்த்து ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்தேன். நோராவின் கைப்பையையும் வாங்கி வெளியே வைத்தேன். அவர் அதைக் கொடுத்த விதத்திலேயே பாதி ஆள் இளகிவிட்டது தெரிந்தது. எல்லாரையும் குழாயைத் தொட வைத்தேன். வாசலைப் பார்த்துப் படுக்க வைத்தேன். பிறகு மதினியின் குரலில், அதே இழுவையில், திரும்பத் திரும்பச் சொன்னேன். எதையும் உரசாதீர்கள். எதையும் இழுக்காதீர்கள். முடிந்ததைப் பக்கத்தில் சேர்த்து வைக்காதீர்கள், வெளியே அனுப்பிவிடுங்கள். யாருக்கும் ஒரு அவசரமும் இல்லை.

தபால்காரர்தான் முதலில் போனார். பிறகு வரிசையாக ஒவ்வொருவரும் சாய்ந்தார்கள். நோரா வாயைப் பிளந்து தூங்கினார். ஓர்லாவே தூங்கிவிட்டார், சப்பணம் போட்டபடி, தலை மட்டும் தொங்கி. பட்டாசுக் கம்பெனியின் பாதுகாப்பு விதிகளைக் கேட்டுவிட்டு ஒரு அயர்லாந்து நூலகமே குறட்டை விட்டது. நான் ஒருத்திதான் கொட்டக் கொட்ட விழித்து, வாசலில் காவல் நின்றேன். சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. ஊரைத் தூங்க வைத்துவிட்டேன். எனக்கு மட்டும் அது வரவில்லை. நோரா கண் விழித்து என்ன கேட்பார்? ‘நீ தூங்கினாயா?’ என்றுதானே?

அப்போது வெளியே அட்டைப் பெட்டிக்குள் என் செல்போன் ஒலித்தது. மற்றவர்கள் விழித்துவிடக் கூடாதே என்று குனிந்து எடுத்து, வந்திருந்த பதிவைப் போட்டுக் காதில் வைத்தேன். பின்னணியில் வேன் திரும்பும் சத்தம், ஒரு நாய், யாரோ சிரிக்கிறார்கள். “வந்துட்டேன் தாயி” என்றது மதினியின் குரல்.

அதற்குப் பிறகு நடந்ததை ஓர்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் விழித்துப் பார்த்தபோது, நான் வாசற்படியில் குறுக்காக, செல்போனைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, கட்டையாகக் கிடந்தேனாம். கூப்பிட்டுப் பார்த்தார்களாம். தோளைத் தொட்டு அசைத்துப் பார்த்தார்களாம். கடைசியில் யாருக்கும் ஒரு அவசரமும் இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, என்னை ஒவ்வொருவராகத் தாண்டிப் போயிருக்கிறார்கள். தபால்காரர் மட்டும் போகும்போது தன் பாயை எனக்கு அடியில் செருகிவிட முயன்றிருக்கிறார், பழைய கணக்கைத் தீர்ப்பதற்காக.

நான் கண் விழித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. நோரா மட்டும் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் இல்லை. அதனால் நல்ல சேதிதான் என்று எனக்குப் பட்டது. “தூக்கத்தில் அரைகுறையாகக் கேட்டது. உன் செல்போனில் வந்த அந்தக் குரல் யாருடையது?” என்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. இங்கே நான் விளக்கை அணைக்கும் நேரத்தில் மதினி எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள். நான் புரண்டு படுக்கும்போது வேன் வருகிறது. என் ராத்திரி முழுக்க அவளுக்கு வேலை நேரம். ஒரு சுவர் தள்ளி யாருக்காவது கை தவறினால் போதும், எல்லாம் வெடித்துவிடும் என்கிற இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தொலைக்காட்சியில் கீழே ஓடும் எழுத்தில் ‘சிவகாசி அருகே’ என்று வந்தால், மீதியைப் படிக்கும் முன் எங்கள் சீமைக்காரர்கள் எத்தனை பேருக்கு நெஞ்சு நின்று போகும் என்று எனக்குத் தெரியும். ஊரில் இருக்கும்போது, அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் நானும் வீட்டில் படுத்தேன், தூங்கினேன். இங்கே வந்து, அவள் வேலை முடித்து வரும்வரை வாசலில் நிற்கிறேன். காற்றுமில்லை, தண்ணியுமில்லை. அவ்வளவுதான் என் வியாதி.

நோரா மீதி டீயைக் குடித்து முடித்தார். பிறகு, “எப்படியும் ராத்திரி விழித்துத்தான் இருக்கப் போகிறாய். அதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டே இரேன்” என்றார். முதியோர் இல்லத்தில் இரவுப் பணிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. வருகிறவர்களுக்கும் பாதி ராத்திரியில் கண் செருகிவிடும். சொல்லப்போனால் அந்த வேலைக்கென்றே படைக்கப்பட்டவள் நான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

மதினியிடம் சொன்னபோது போனிலேயே என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டாள். “கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? நீ அங்கன முழிச்சிருந்தா இங்கன மருந்து சொன்ன பேச்சு கேட்டுச் சும்மா கெடக்குமாக்கும்? கடல் தாண்டி உக்காந்துக்கிட்டு எனக்குக் காவலாம்ல காவல்!” பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “எம்புட்டு நாளாத்தா இப்படி இருக்க?” என்று கேட்டபோது குரல் வேறாக இருந்தது. “சரி, சாப்பிட்டியா?” என்று அவளே பேச்சை மாற்றினாள். மறுநாளிலிருந்து எனக்கு இரண்டு பதிவுகள் வருகின்றன. கம்பெனி வாசலில் செல்போனைக் கொடுக்கும் முன் ஒன்று: “தகட்டுல கை வச்சாச்சு. வாசலைப் பாத்துத்தான் உக்காருவேன். நீ ஓம் பொழப்பைப் பாரு.” சாயங்காலம் மற்றது.

இப்போது இரவெல்லாம் நான் இல்லத்தின் நீண்ட நடைக்கூடத்தின் கோடியில், வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். பல்செட்டுகள் அவரவர் கிண்ணத்தில் பத்திரமாக இருக்கின்றன. தூக்கம் வராத தாத்தாக்களுக்கு மதினியின் எச்சரிக்கையைச் சொல்கிறேன். எதையும் உரசாதீர்கள் என்பதற்குள் போய்விடுகிறார்கள். காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, கறுப்புத் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் காத்திருக்கிறேன். ‘வந்துட்டேன் தாயி’ வந்ததும் எனக்கு ராத்திரி ஆகிவிடுகிறது. வெளியே ஊர் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறது. நான் ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் பொழுது அடைந்துவிட்டது என்று தூங்குகிறேன்.

ஒரே ஒரு தொந்தரவுதான் மிச்சம், அதுவும் எனக்கில்லை, என் வீட்டுக்காரருக்கு. விடுமுறை நாள் மத்தியானத்தில் அவரும் பக்கத்தில் தூங்கும்போது மழை வலுத்தால், நான் கண்ணைத் திறக்காமலே எழுந்து உட்கார்கிறேனாம். அவர் போர்த்தியிருக்கும் போர்வையை நுனியிலிருந்து மளமளவென்று சுருட்டி, தலையணை இரண்டையும் அதோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கி, சுவரோரமாகக் கொண்டுபோய் அடுக்கிவிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறேனாம். வெடவெடவென்று நடுங்கியபடி அவர் என்னை எழுப்பி, என்னடி இது என்று கேட்டாராம். தூக்கத்திலேயே நான் சொன்னேனாம், ரொம்பத் திருப்தியாக: “ஒரு குழாய்கூட நனையல.”